குறி தப்பேல்லை. அந்தக் குறியை வைச்சது ஆர்?



இந்தக் கிழமை எபிசோட்டில ட்ரோன்களைப் பற்றிக் கதைச்சனாங்கள். கேட்டிட்டும் வாசிக்கலாம், கேட்காமலும் வாசிக்கலாம். இங்கே நாங்கள் கையில் எடுப்பது ஒரேயொரு சொல்லை: “துல்லியம்”. துல்லியத் தாக்குதல், துல்லியக் குண்டு, ஸ்மார்ட் பொம். செய்தியில் இந்தச் சொல் வந்தவுடனே கேட்கிற ஆளுக்கு ஒரு சின்ன நிம்மதி வரும். அடிக்க வேண்டியதை மட்டும்தான் அடிச்சிருப்பினம், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒண்டும் நடந்திருக்காது எண்ட நிம்மதி. அந்த நிம்மதியைத் தர அந்தச் சொல்லுக்கு உரிமை இருக்கோ? அதுதான் இன்றைய கேள்வி.

எங்கட வீடுகளில இந்தக் கேள்விக்குத் தனிப் பாரம் இருக்கு. ஒவ்வொரு லேபர் டே வார இறுதியிலும் ரொறன்ரோவில் ஏரிக்கு மேலே எயார் ஷோ நடக்கும். சிஎப்-18 ஒன்று தாழப் பறந்தால் பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். பெரியவர்களில் சிலர் தங்களை அறியாமலே தலையைக் குனிவார்கள். அவர்களுடைய அகராதியில் அந்தச் சத்தத்தின் பெயர் “கிபிர்”. இலங்கை விமானப்படை 1996 முதல் இஸ்ரேலிடம் வாங்கிய ஜெட் அது. பீப்பாக் குண்டு போட்ட மெதுவான விமானத்துக்குப் பெயர் “சகடை”. ரீங்காரம் போட்டுக்கொண்டு மேலே சுற்றும் ஆளில்லாத வேவு விமானம் “வண்டு”. வண்டு சுத்தினால் பின்னால கிபிர் வரும், பங்கருக்குள்ள இறங்கு. வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மேலே இருக்கும் கமெராவுக்கும் கீழே விழும் குண்டுக்கும் உள்ள தொடர்பை அந்தச் சனம் புத்தகத்தில் படிக்கவில்லை.

நாங்கள் அந்தத் தொடர்பைக் கொஞ்சம் கழற்றிப் பார்ப்பம்.

இரும்புக்குக் கண் வைத்த கதை

சாதாரணக் குண்டு என்பது ஒரு இரும்புக் கூடு, உள்ளே வெடிமருந்து, பின்னால் ஒரு வால். விமானத்திலிருந்து விட்டபிறகு அது எங்கே போகும் என்பதைப் புவியீர்ப்பும் காற்றும் விட்ட நேரத்து வேகமும் தீர்மானிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கா தன் குண்டுவீச்சைத் தானே ஆராய்ந்து பார்த்தது. துல்லியமாக அடிக்கவேண்டும் என்று குறிவைத்த இலக்குகளிலேயே, கிட்டத்தட்ட 20 வீதமான குண்டுகள்தான் 1,000 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 300 மீற்றருக்குள், விழுந்திருந்தன. எங்கட ஊர்க் கணக்கில சொன்னால், பிக்கரிங் ரவுன் சென்ரருக்குக் குறி வைச்சு, அது 401க்கு அங்கால கோ ஸ்ரேஷன் பக்கம் விழுந்தாலும் “கிட்ட விழுந்தது” எண்ட கணக்குத்தான்.

கதை மாறியது வியட்நாமில். தான் ஹோவா என்ற பாலத்தை அமெரிக்க விமானங்கள் 1965 முதல் நூற்றுக்கணக்கான தடவை தாக்கின. விமானங்கள் விழுந்தன, பாலம் நின்றது. 1972 மே 13 அன்று லேசர் வழிகாட்டும் குண்டுகளோடு வந்தார்கள். பாலத்தின் மேற்குப் பக்கம் ஒரே நாளில் சரிந்தது.

லேசர் குண்டு எப்படி வேலை செய்யுது? விமானத்திலோ தரையிலோ இருக்கும் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கதிரை இலக்கின் மேல் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த ஒளி துடிப்புத் துடிப்பாகப் போகும். ஒவ்வொரு லேசருக்கும் அந்தத் துடிப்பில் ஒரு குறியீடு உண்டு, பக்கத்தில் வேறு லேசர் இருந்தாலும் குண்டு குழம்பாமல் இருப்பதற்காக. குண்டின் மூக்கில் நாலாகப் பிரித்த ஒரு உணரி இருக்கும். இலக்கில் பட்டுத் தெறிக்கும் ஒளி நாலு பகுதியிலும் சமமாக விழுந்தால் குண்டு நேராகப் போகிறது. இடப்பக்கம் கூடுதலாக விழுந்தால், இறகுகள் திரும்பி குண்டை இடப்பக்கம் தள்ளும். ஐடியா இவ்வளவுதான். நைட் மார்க்கெட்டில லேசர் பொயின்ரரைப் பூனைக்குப் பிடிச்சு விளையாடுறதைப் பார்த்திருப்பியள். அதே மாதிரி, புள்ளி எங்கயோ குண்டும் அங்க.

லேசருக்கு ஒரு பலவீனம்: முகில், புகை, புழுதி வந்தால் புள்ளி மறையும். 1991 வளைகுடாப் போரில் இது பெரிய தலையிடியாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஜேடாம். போயிங் செய்கிற ஒரு வால் கிற். பழைய குண்டின் பின்பக்கத்தில் மாட்டினால், அதற்குள் இருக்கும் ஜிபிஎஸ் வாங்கியும் ஜைரோவும் சேர்ந்து குண்டை ஒரு ஆள்கூற்றுக்குக் கொண்டுபோகும். ஆள்கூறு என்பது அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என மூன்று எண்கள். ஊபர் ஈற்ஸ் டிரைவருக்கு நீங்கள் போடுகிற பின் மாதிரி. மழையோ இருட்டோ பிரச்சினை இல்லை.

கனடாவும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. 2011 இல் லிபியாவில் நேட்டோ நடத்திய போரில், எயார் ஷோவில் பார்க்கிற அதே சிஎப்-18கள் கிட்டத்தட்ட 700 வழிகாட்டும் குண்டுகளைப் போட்டன.

ஐந்து மீற்றர் எண்டால் எங்கயிருந்து?

ஜிபிஎஸ் சரியாகக் கிடைத்தால் ஜேடாமின் வழு ஏறக்குறைய 5 மீற்றர் என்பார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கவேண்டும்.

முதலாவது, அது ஒரு வட்டத்தின் ஆரை. விட்ட குண்டுகளில் பாதி அந்த வட்டத்துக்குள் விழும் என்று அர்த்தம். மற்றப் பாதி வெளியே விழும்.

இரண்டாவது, குண்டு 5 மீற்றருக்குள் விழுந்தாலும் வெடிப்பு 5 மீற்றரில் நிற்காது. ஜேடாம் மாட்டுகிற பெரிய குண்டு 900 கிலோவுக்கு மேல், அதில் 400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. அதன் இரும்புச் சிதறல்கள் நூற்றுக்கணக்கான மீற்றர் பறக்கும். துல்லியமாக விழுகிற பெரிய குண்டு, பெரிய குண்டுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த 5 மீற்றரை அளப்பது, கொடுத்த ஆள்கூற்றிலிருந்து. நீங்கள் அடிக்க நினைத்த கட்டடத்திலிருந்து இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லாட்டி?

1999 மே 7 இரவு பெல்கிரேட்டில் இதற்குப் பதில் கிடைத்தது. அமெரிக்காவின் பி-2 விமானம் ஒன்று ஐந்து ஜேடாம்களைப் போட்டது. ஜேடாம் போருக்கு வந்த முதல் வருடம் அது. குண்டுகள் கொடுத்த இடத்திலேயே விழுந்தன. அந்த இடம் சீனத் தூதரகம். மூன்று சீனர்கள் இறந்தார்கள். அடிக்க நினைத்தது யுகோஸ்லாவியாவின் ஆயுதக் கொள்வனவு அலுவலகம் ஒன்றை, சில நூறு மீற்றர் தள்ளி இருந்தது. சிஐஏயிடம் தெரு முகவரி இருந்தது, ஆள்கூறு இருக்கவில்லை. பக்கத்துத் தெருக்களின் இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு கட்டடத்தைப் பிடித்தார்கள். தொடக்கூடாத இடங்களின் பட்டியலில் தூதரகத்தின் பழைய முகவரிதான் இருந்தது. ஆக, சோதிக்கிற கருவியிலும் அதே ஓட்டை.

அந்தக் கதையில் ஒரு ஆளை மறக்கக்கூடாது. நடுத்தர நிலையிலிருந்த ஒரு புலனாய்வு அதிகாரி, “இந்தக் கட்டடம் சரிதானா?” என்று தாக்குதலுக்கு முதலே சந்தேகம் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி நிறுத்தவேண்டிய ஆளின் காதுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. குண்டில் ஒரு பழுதும் இருக்கவில்லை. பழுது எல்லாம் குண்டுக்கு முன்னால் இருந்த ஃபைல்களில்.

வள்ளிபுனமும் புதுக்குடியிருப்பும்

இப்ப எங்கட பக்கத்துக்கு வருவம். இதை ஆறுதலாக வாசியுங்கோ.

2006 ஓகஸ்ட் 14 காலை, முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் கிபிர்கள் குண்டு போட்டன. 50 இற்கு மேற்பட்ட இளம் பெண்கள் இறந்தார்கள். முதலுதவிப் பயிற்சிக்கு வந்த மாணவிகள் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசாங்கம் சொன்னது, அந்த இடத்தை முதலே வேவு பார்த்து வைத்திருந்ததாகவும் சொன்னது. போய்ப் பார்த்த யுனிசெப், அவர்கள் அந்தப் பகுதிப் பாடசாலைகளின் பிள்ளைகள் என்றது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவோ அங்கே இராணுவ முகாமுக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. குண்டு தவறி விழுந்தது எண்டு ஆருமே சொல்லேல்லை. அரசாங்கம்கூடச் சொல்லவில்லை. குறிவைத்த இடத்தில் விழுந்தது என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. தகராறு முழுவதும் அந்த வளாகத்துக்கு என்ன பெயர் என்பதில்தான். மேலேயிருந்து பார்க்கிற கமெராவில், வரிசையாக நிற்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தெரிவார்கள். அவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்பது தெரியாது. அதை ஒரு மனிதர்தான் எழுதி நிரப்புகிறார்.

அடுத்தது 2009. அந்த வருடம் ஜனவரியில் அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. ஐ.நா. பணியாளர்கள் அதற்குள் சுதந்திரபுரத்தில் தங்கி, தாங்கள் இருக்கும் இடத்தைப் படைத்தரப்புக்கு அறிவித்தார்கள். 23ஆம் திகதி இரவும் 24ஆம் திகதியும் அந்த இடத்தில் செல் விழுந்தது. அங்கிருந்தவர்கள் தொலைபேசியில் வன்னிக் கட்டளைத் தளபதியையும் கொழும்பையும் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையில் இது விபரமாக இருக்கிறது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பற்றியும் இருக்கிறது. ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரையான ஒரு கிழமைக்குள் ஆகக் குறைந்தது ஒன்பது தடவை நேரடியாக அடி விழுந்தது. சத்திரசிகிச்சை அறையும் தப்பவில்லை. மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பது இராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். செல் வந்தது இராணுவ நிலைகளிலிருந்து என்று குழு எழுதியது. மக்களை வெளியேற விடாமல் தடுத்ததற்கும், மக்களுக்கு நடுவிலிருந்து ஆயுதங்களை இயக்கியதற்கும் புலிகளையும் அதே அறிக்கை குற்றம் சாட்டுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கிறதுதான் நேர்மை.

புதுக்குடியிருப்பில் விழுந்தவை துல்லியக் குண்டுகள் இல்லை. பல்குழல் எறிகணையும் ஆட்டிலறியும். ஒரு பரப்பை மூடி அடிக்கிறதுக்கெண்டே செய்த சாமான்கள். ஆனால் தகவல் துல்லியமாக இருந்தது. மேலே வண்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்கிரேட்டில் ஆயுதம் துல்லியம், ஆள்கூறு பிழை. புதுக்குடியிருப்பில் இடம் எது என்பது தெரியும், அப்படியிருந்தும் அந்த ஆயுதம் அந்தப் பக்கம் திரும்பியது. பொதுமக்களுக்கு இழப்பே ஏற்படாத கொள்கை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அப்ப “துல்லியம்” எண்டது ஒரு சாமானுக்குள்ள இருக்கிற குணம் இல்லை. மூன்று படி இருக்கு. இந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அறிவது ஒன்று. அங்கே அடிக்கலாமா, எதால் அடிப்பது என்று முடிவெடுப்பது இன்னொன்று. முடிவெடுத்தபின் அந்த இடத்தில் கொண்டுபோய் விழுத்துவது மூன்றாவது. விற்பனைப் பத்திரிகையில் வருகிற 5 மீற்றர் மூன்றாவது படிக்கு மட்டும்தான் சொந்தம்.

பேர்லிங்ரனில் செய்த கண்

இதெல்லாம் எங்கயோ தூரத்தில நடக்கிறது எண்டு நினைக்கிறியளா? பிக்கரிங்கிலிருந்து 401ஐப் பிடித்து மேற்கே போனால், ட்ரபிக் இல்லாத நாளில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் பேர்லிங்ரன். எல்3ஹாரிஸ் வெஸ்காம் கொம்பனியின் பெயர் அந்த ஊரோடு சேர்ந்தது. அவர்களின் கெட்டித்தனம் ஆடாத கமெரா: ஹெலிகொப்ரர் எவ்வளவு குலுங்கினாலும் படம் அசையாது. இந்தத் தொழினுட்பம் சினிமாவுக்கும் விளையாட்டு ஒளிபரப்புக்கும் பயன்பட்டது. தேடுதல், மீட்புப் பணிக்கும் பயன்படுகிறது. அதே உருண்டைக்குள் ஒரு லேசரையும் வைத்தால், அது இலக்கைக் காட்டும் கருவியாகிவிடும். எம்எக்ஸ்-15டி என்ற மொடல் அப்படிப்பட்டது.

துருக்கியின் பைரக்டார் டிபி2 ட்ரோனில் அந்தக் கமெரா பொருத்தப்பட்டது. டிபி2 சுமக்கும் எம்ஏஎம்-எல் குண்டு வெறும் 22 கிலோ அளவுதான். கமெரா லேசரைப் பிடிக்கும், குண்டு அந்தப் புள்ளிக்குப் போகும். 2019 இலையுதிர் காலத்தில், துருக்கி சிரியாவுக்குள் நுழைந்ததால், கனடா புதிய ஆயுத ஏற்றுமதி அனுமதிகளை நிறுத்தியது. 2020 இல் இந்தக் கமெராக்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதே வருடம் செப்ரெம்பர் 27 அன்று நாகோர்னோ-கராபாக்கில் அஜர்பைஜானுக்கும் ஆர்மேனியர்களுக்கும் போர் தொடங்கியது. அஜர்பைஜானிடம் டிபி2கள் இருந்தன. ஒன்ராறியோவின் வோட்டர்லூவிலிருக்கும் புரொஜெக்ற் பிளவ்ஷெயர்ஸ் என்ற ஆய்வமைப்பு இந்தக் கமெராக்களைப் பற்றி ஏற்கனவே எச்சரித்திருந்தது. போர் தொடங்கி ஒன்பதாம் நாள் கனடா அனுமதிகளை இடைநிறுத்தியது. 2021 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டு அமைச்சர் மார்க் கார்னோ 29 அனுமதிகளை ஒரேயடியாக ரத்துச் செய்தார். துருக்கி கொடுத்த உறுதிமொழிக்கு மாறாகக் கனடாவின் தொழினுட்பம் அந்தப் போரில் பயன்பட்டது என்பதே காரணம்.

கதை அதோட முடியேல்லை. துருக்கி தன் சொந்தக் கமெராவைச் செய்து டிபி2வில் மாட்டியது. 2024 ஜனவரியில், ஸ்வீடன் நேட்டோவில் சேர்வதற்குத் துருக்கி சம்மதித்த பிறகு, கனடா தடையைத் தளர்த்தியது. “நாங்கள் விக்காட்டி வேற ஆரும் விப்பினம்” என்று சொல்பவர்களுக்கு இது ஒரு சாட்சி. மறுபக்கத்தில், வெளியே இருந்த ஒரு சின்ன ஆய்வுக்குழு கேட்ட கேள்வியை ஒரு அமைச்சரால் கடைசியில் தட்டிக்கழிக்க முடியாமல் போனதற்கும் இது சாட்சி. இரண்டும் உண்மை.

நல்ல கமெரா இருந்தால் பிழை நடக்காது என்று நினைப்பவர்களுக்குக் குண்டூஸ் இருக்கிறது. 2015 ஒக்ரோபர் 3, ஆப்கானிஸ்தான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனையின் ஆள்கூற்றைச் சில நாட்களுக்கு முன்புதான் மறுபடி அனுப்பியிருந்தது. அமெரிக்காவின் ஏசி-130 விமானம் வேறொரு கட்டடத்தைத் தேடி வந்தது. கொடுத்த ஆள்கூறு ஒரு வெறும் வயலைக் காட்டியது. விமானத்தில் இருந்தவர்கள் வர்ணனைக்குப் பொருந்துகிற பெரிய கட்டடத்தைக் கமெராவில் தேடிப் பிடித்தார்கள். அது மருத்துவமனை. 42 பேர் இறந்தார்கள். அது குண்டு இல்லை, பீரங்கி விமானம். ஆனால் முதல் இரண்டு படியிலும் நடந்தது இதே கதைதான்.

அப்ப நாங்கள் என்ன செய்யலாம்?

எங்கட வாசகரில கனபேர் எஞ்சினியரிங், கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிற ஆக்கள். கோ-ஒப் தேடும்போது கமெரா, ட்ரோன், படத்தை அடையாளம் காணும் சொஃப்ட்வெயர் என்று நல்ல சம்பளத்தோடு வேலை வரும். எடுக்காதேங்கோ எண்டு சொல்ல நாங்கள் ஆர்? அதே கமெரா காட்டில் தொலைந்த பிள்ளையையும் கண்டுபிடிக்கும். ஆனால் இன்ரர்வியூவில் “உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கா?” என்று கேட்பார்கள் அல்லவா, அங்கே கேட்கலாம்: இதைக் கடைசியில் ஆர் வாங்குகிறார்? வாங்கினபிறகு எங்கே பாவிக்கிறார் என்று நீங்கள் பின்தொடர்வீர்களா? எங்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பெல்கிரேட்டில் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் போனது.

மற்ற ஆக்களுக்கும் வேலை இருக்கு. கனடா 2019 செப்ரெம்பரில் ஆயுத வர்த்தக உடன்படிக்கையில் சேர்ந்தது. ஏற்றுமதி செய்யும் ஆயுதம் மனிதாபிமானச் சட்டத்தை மோசமாக மீறப் பயன்படக்கூடிய கணிசமான ஆபத்து இருந்தால், அமைச்சர் அனுமதி மறுக்கவேண்டும் என்பது இப்போது சட்டம். எந்த நாட்டுக்கு எவ்வளவு பெறுமதியான இராணுவப் பொருள் போனது என்ற அறிக்கையை அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் மே மாத முடிவுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஓட்டையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ: அமெரிக்காவுக்குப் போகிற பெரும்பாலான இராணுவப் பொருட்களுக்கு அனுமதி தேவையில்லை, ஆகவே அவை அந்த அறிக்கையில் வராது. உங்கட தொகுதி எம்.பி.யிடம் கேட்கிறதுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

அடுத்த தரம் செய்தியில் “துல்லியத் தாக்குதல்” என்று வந்தால், அந்த நிம்மதி வருவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கோ. அங்க ஆர் இருந்தவை எண்டு எப்பிடித் தெரியும்? அடிக்கலாம் எண்டு முடிவெடுத்தது ஆர்? எவ்வளவு பெரிய குண்டு? இந்த மூன்றுக்கும் பதில் வராத இடத்தில், 5 மீற்றர் என்ற எண்ணுக்கு அர்த்தம் கொஞ்சம்தான்.

கடைசியா ஒண்டு. உங்கட வீட்டில வண்டின்ர சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஆக்கள் இருக்கலாம். அவர்கள் கதைக்க விரும்பினால் மட்டும், ஆறுதலாக, “வண்டு எப்பிடி இருக்கும்? எவ்வளவு உயரத்தில சுத்தும்? வந்து எவ்வளவு நேரத்தால கிபிர் வரும்?” எண்டு கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. ஆரின்ர பேரும் போடமாட்டம். ட்ரோன்களைப் பற்றி உலகத்தில் கட்டுக்கட்டாக எழுதுகிறார்கள். அதற்குக் கீழே இருந்தவர்கள் சொன்னது கொஞ்சம்தான். அடுத்த எபிசோட்டில் அதைத்தான் வாசிக்கப்போறம்.

சந்திப்பம்.